கூத்துமாடத்து ஒலிப்பதிவுகளைப் பலர் கையில் ஒப்படைப்பது எப்படி: டொரண்ட் வழியாகக் காப்பதற்கும் பகிர்வதற்கும் ஒரு வழிகாட்டி

பாலக்காட்டு வட்டாரத்துப் பகவதி கோயில்களில் பாவைக்கூத்துக்கென்றே உள்ள மேடையாகிய கூத்துமாடத்தில், 42 அடி நீளத் திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை ஏற்றிவைத்துக்கொண்டு, புலவர்கள் விடியும்வரை கம்பராமாயணப் பாடல்களைப் பாடித் தோல்பாவைகளை ஆட்டுகிறார்கள். பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவண யுத்தத்தைக் காண முடியாமல் போயிற்று என்பதும், அவள் காண்பதற்காகவே இந்தக் கூத்து என்பதும் ஐதிகம். ஆகையால் எதிரே மனிதர் ஒருவரும் இல்லாத இரவிலும் பாட்டு நிற்பதில்லை. அந்தப் பாட்டைச் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்களாகிய நாங்கள் நான்கு பேர் பல ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்துவருகிறோம். முதல் மூன்று ஆண்டுகளின் பதிவு எங்களிடம் இப்போது இல்லை. எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தோம். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அது சுழலவில்லை. பாடியவர்களில் ஒருவர் அதற்குள் காலமாகியிருந்தார்.

அந்த இழப்புக்குப் பிறகுதான் ஒரே கணினியையோ ஒரே நிறுவனத்தையோ நம்பாமல், பலருடைய கணினிகள் தமக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் முறைக்கு வந்து சேர்ந்தோம். பிராம் கோஹன் 2001இல் உருவாக்கிய பிட்டொரண்ட் (சுருக்கமாக டொரண்ட்) என்ற ஏற்பாடு, திருட்டுத் திரைப்படங்களால் பெயர் கெட்டுக் கிடந்தாலும், உரிமை உள்ளவர்கள் தங்கள் பொருளைக் காப்பதற்கும் பரப்புவதற்கும் மிகவும் ஏற்றது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக்காப்பகம் 2012 முதலே தன் சேமிப்புகளை டொரண்ட் வழியாகவும் தருகிறது. கும்மிப்பாட்டு, கண்யார்களி, பொறாட்டு நாடகம், தெருக்கூத்து என எதைப் பதிவு செய்து வைத்திருப்பவருக்கும் கீழே உள்ள வழி பொருந்தும்.

வெளியிடுவதற்கு முன்

ஒரு மூத்த புலவரிடம் அனுமதி கேட்கப் போனபோது, நான் சொன்ன தொழில்நுட்ப விளக்கத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை வெளிய விட்டுட்டு, அப்புறம் வேண்டாம்னா திரும்ப எடுத்துக்க முடியுமா, தம்பி?" என்று கேட்டார். "முடியாதுங்க ஐயா" என்றேன். "அப்படின்னா விடறதுக்கு முன்னாலயே யோசிச்சுக்கணும்" என்றார். இந்த வேலையின் மையம் அதுவே. இணையதளத்தில் ஏற்றிய கோப்பை நாளை அழித்துவிடலாம். டொரண்டில் விட்டதை யாராலும் திரும்ப அழைத்துக்கொள்ள முடியாது. ஆகவே காப்பு என்று நாம் செய்ய வேண்டியவை அனைத்தையும் வெளியிடுவதற்கு முன்பே செய்து முடித்துவிட வேண்டும்.

முதலாவது அனுமதி. கம்பனின் பாடல்கள் யாருக்கும் தனியுடைமை இல்லை. ஆனால் அவற்றைப் பாடிப் பொருள் சொல்லும் புலவரின் நிகழ்த்துதலுக்கு உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 38ஆம் பிரிவில் நிகழ்த்துநரின் உரிமையை 50 ஆண்டுகளுக்கு வழங்குகிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 38ஏ பிரிவின்படி நிகழ்ச்சியைப் பதிவு செய்வதும் அதை மக்களுக்குக் கொண்டுசேர்ப்பதும் அவருக்கே உரிய உரிமைகள். 38பி பிரிவு, நிகழ்த்தியவர் தாம் என்று அறியப்படவும், தம் நிகழ்ச்சி சிதைக்கப்பட்டால் எதிர்க்கவும் அவருக்கு உரிமை தருகிறது. பதிவுக் கருவி நம்முடையது என்பதால் பதிவும் நம்முடையதாகிவிடாது. நாங்கள் ஒவ்வோர் இரவும் பதிவு தொடங்கும்போதே தேதி, கோயில், பாடுபவர்களின் பெயர், எந்த அளவுக்குப் பகிர ஒப்புக்கொண்டார்கள் என்பவற்றை அவர்கள் குரலிலேயே சொல்லச் செய்கிறோம். மறுநாள் அதையே தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்குகிறோம். காகிதத்தைவிட அந்தக் குரலை நான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் அது பதிவை விட்டுப் பிரியாமல் கூடவே போகிறது.

இரண்டாவது, எதை வெளியிடக்கூடாது என்பது. கூத்தின் இடையே காணிக்கை செலுத்திய குடும்பங்களின் பெயரைச் சொல்லிப் புலவர்கள் வாழ்த்துவார்கள். யார் எந்தக் குறை தீர வேண்டிக்கொண்டார் என்பதும் அதில் வந்துவிடலாம். கோயிலுக்குள் நாலு பேர் கேட்பதும், உலகமெங்கும் நிரந்தரமாக நிற்பதும் ஒன்றாகாது. அந்தப் பகுதிகளை வெட்டிய பொதுப்பதிப்பு ஒன்றும், வெட்டாத முழுப்பதிப்பு ஒன்றும் தனித்தனியாகத் தயாரியுங்கள். படங்களிலும் வீடியோவிலும் கைபேசி தானாகவே எழுதிவைக்கும் இருப்பிடக் குறிப்பை நீக்கிவிடுங்கள். யாருடைய வீட்டில் பாவைகள் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

கோப்புகளை உறைய வைத்தல்

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்ற தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 1.04 ஜிபி ஆகும். எட்டு மணி நேரம் நீளும் ஓர் இரவுக்கு 8.3 ஜிபி, 21 இரவுகளுக்கு 174 ஜிபி. இதை ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றினால் ஒலியில் ஒரு துளியும் குறையாமல் அளவு பாதியை ஒட்டி வந்துவிடும். மூலப்பிரதிக்கு இதுவே சரி. கேட்பதற்கு மட்டும் வேண்டுபவர்களுக்காக ஓபஸ் வடிவில் 96 கேபிபிஎஸ் வேகத்தில் இன்னொரு பிரதி எடுத்தால் ஓர் இரவு முழுவதும் 350 எம்பிக்குள் அடங்கிவிடும். இரண்டையும் ஒரே டொரண்டில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கைபேசியில் கேட்க வந்தவர் மேல் மூலப்பிரதியின் சுமையை ஏற்றத் தேவையில்லை.

ஃபிளாக்கில் ஒரு நல்ல வசதி உண்டு. சுருக்கும்போதே மூல ஒலியிலிருந்து கணக்கிடப்படும் எம்டி5 கையொப்பம் என்ற அடையாள எண் கோப்புக்குள் எழுதப்படுகிறது. பின்னால் யாரேனும் பாடியவர் பெயரை நீக்கிவிட்டுத் தம் பெயரைப் போட்டாலும், ஒலியைத் தொடாதவரை அந்தக் கையொப்பம் மாறாது. நம் கோப்பில் உள்ளதும் அதுவும் ஒன்றாக இருந்தால் பொருள் எங்கிருந்து போனது என்று காட்டிவிடலாம். அப்படிப் பெயரையும் உரிமைக் குறிப்பையும் வேண்டுமென்றே நீக்குவதற்கு அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 65பி பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. அந்தப் பாதுகாப்பு நமக்குக் கிடைக்க வேண்டுமானால் குறிப்பை நாம் முதலில் எழுதியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவே பாடியவர், பக்கம் வாசித்தவர், கோயில், தேதி, உரிமம் ஆகியவற்றைக் கோப்பின் உட்குறிப்பில் இப்போதே நிரப்புங்கள். உரிமத்துக்கு நாங்கள் கிரியேட்டிவ் காமன்ஸின் 4.0 பதிப்பைப் பயன்படுத்துகிறோம்: பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். இந்த உரிமத்தையும் திரும்பப் பெற முடியாது என்பதைப் புலவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இந்த எழுத்துமுறை மாறிவிட்டால், கையில் முழுக்கோப்பும் இருந்தும் டொரண்ட் மென்பொருள் அது இல்லை என்று சொல்லிவிடும். எங்களுக்கு 'கொழிஞ்சாம்பாறை' என்ற எங்கள் ஊர்ப் பெயரிலேயே இது நடந்து, ஒரு வாரம் காரணம் புரியாமல் தவித்தோம். இப்போது கோப்புப் பெயர்களில் ஆண்டு, மாதம், நாள், வரிசை எண் ஆகிய இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு, விவரங்களைத் தனி உரைக்கோப்பில் எழுதுகிறோம். அந்த உரைக்கோப்பைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுவது நல்லது. பாரதப்புழைக்கு அந்தப் பக்கத்தில் இந்தப் பதிவுகளை வைத்துக் காப்பவர்கள் பலருக்குத் தமிழ் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

இவை முடிந்ததும் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் எடுக்க வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு பிட் மாறினாலும் 64 இலக்க மதிப்பு முழுவதும் மாறிவிடும். விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருந்தால் வலது சொடுக்கில் வரும் பட்டியலிலேயே இதற்கான வசதி உண்டு. லினக்ஸில் எஸ்ஹெச்ஏ256சம் என்ற கட்டளை போதும். ஹேஷ் பட்டியலை ஜிபிஜி போன்ற மென்பொருளால் உங்களிடம் மட்டும் இருக்கும் தனிச் சாவியைக் கொண்டு மின்கையொப்பமிட்டு, அதைச் சரிபார்க்க மற்றவர்களுக்கு உதவும் பொதுச் சாவியின் அடையாள எண்ணைத் தாளில் அச்சிட்டு நேரில் கொடுங்கள். ஹேஷ் மட்டும் இருந்தால் கோப்பையும் பட்டியலையும் சேர்த்தே மாற்றிவிடுபவரைத் தடுக்க முடியாது. கையொப்பம் இருந்தால் அது நடக்காது. இதற்குப் பிறகு கோப்பில் கை வைக்காதீர்கள். எழுத்துப்பிழை ஒன்று கண்ணில் பட்டாலும் அதை அடுத்த பதிப்புக்கு விட்டுவிடுங்கள்.

டொரண்ட் உருவாக்குதல்

கியூபிட்டொரண்ட் என்ற இலவசத் திறமூல மென்பொருளை நாங்கள் பயன்படுத்துகிறோம். அதில் கருவிகள் பட்டியலில் டொரண்ட் உருவாக்கி இருக்கிறது. கோப்புறையைத் தேர்ந்தெடுத்த பிறகு கவனிக்க வேண்டியவை சில.

டொரண்ட் கோப்புகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்தே அனுப்புகிறது. பழைய வகை டொரண்டில் ஒவ்வொரு துண்டும் எஸ்ஹெச்ஏ-1 ஹேஷால் சரிபார்க்கப்படுகிறது. ஒரே எஸ்ஹெச்ஏ-1 மதிப்பு வரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளைக் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகமும் 2017இல் உருவாக்கிக் காட்டிவிட்டன. இரண்டாம் வகை டொரண்ட் எஸ்ஹெச்ஏ-256ஐப் பயன்படுத்துகிறது. அதோடு ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி ஹேஷ் மரம் கட்டுவதால், ஒரே பதிவு இரண்டு டொரண்டுகளில் இருந்தாலும் அதை அடையாளம் காண முடியும். பழைய மென்பொருள் வைத்திருப்பவர்களையும் விட்டுவிடாமல் இருக்க, இரண்டும் கலந்த 'ஹைபிரிட்' வகையைத் தேர்ந்தெடுங்கள். லிப்டொரண்ட் 2.0 என்ற உள்நிரலைச் சேர்த்துக் கட்டப்பட்ட கியூபிட்டொரண்ட் பதிப்பில் மட்டுமே இந்தத் தேர்வு தெரியும். உங்கள் திரையில் தெரியாவிட்டால் பதிவிறக்கப் பக்கத்தில் அந்தப் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். துண்டின் அளவை மென்பொருளிடமே விட்டுவிடலாம்.

'பிரைவேட்' என்ற பெட்டியைக் குறியிட்டால் கோப்பு இரகசியமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. அந்தக் குறி, டிராக்கர் என்ற ஒருங்கிணைப்புக் கணினி வழியாக மட்டுமே சக கணினிகளைத் தேடு என்று மென்பொருளுக்குச் சொல்கிறது, அவ்வளவே. பூட்டு எதையும் போடுவதில்லை. பொதுப்பதிப்புக்கு அதைக் குறியிடாமல் விடுங்கள். அப்போது டிஹெச்டி என்ற, மையம் இல்லாத முகவரிப் பட்டியல் வழியாகவும் உங்கள் டொரண்டைக் கண்டுபிடிக்க முடியும்; டிராக்கர் மூடப்பட்டாலும், அந்த டொரண்டைப் பகிரும் கணினிகளின் கூட்டமாகிய திரள் பிழைத்திருக்கும். மென்பொருளின் 'என்கிரிப்ஷன்' அமைப்பும் அப்படித்தான்: வழியில் நிற்பவர் டொரண்ட் ஓடுவதை எளிதில் இனங்காணாதபடி செய்யுமே தவிர, திரளில் சேர்ந்த எவரிடமிருந்தும் எதையும் மறைக்காது. திரளில் சேரும் ஒவ்வொருவரின் ஐபி முகவரியும் மற்றவர்களுக்குத் தெரியும் என்பதை உங்களோடு சேர்ந்து வைத்துக்காப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

டொரண்ட் கோப்பு உருவானதும் அதைக் கண்டுபிடிக்க உதவும் ஒற்றை வரி இணைப்பாகிய மேக்னெட் லிங்கை எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவில் ஒட்டுவதற்கு அந்த ஒரு வரி போதும்.

முதல் ஐந்து பிரதிகள்

பலர் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள். லிங்கை அனுப்பிவிட்டு, இரவில் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். கேட்டவர்களிடம் 37 விழுக்காட்டில் நின்றுபோன பதிவிறக்கம்தான் மிஞ்சும். முழுப்பிரதி வைத்திருப்பவர் தொடர்ந்து இணைப்பில் இருந்து வழங்குவதைச் 'சீட் செய்தல்' என்கிறோம். பதிவிறக்கிக்கொண்டிருப்பவரின் மென்பொருளில் 'அவைலபிலிட்டி' என்று ஒரு எண் தெரியும். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால், திரளில் உள்ள எல்லாரையும் சேர்த்தாலும் ஒரு முழுப்பிரதி தேறாது. அந்த எண் ஐந்தைத் தாண்டி நிலைக்கும்வரை நாங்கள் எங்கள் கணினியை அணைப்பதில்லை.

எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. மொபைல் நிறுவனங்களும் கேபிள் வழி இணைப்புகள் பலவும் ஒரே பொது ஐபிவி4 முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. அப்போது வெளியிலிருந்து நம் கணினியை யாரும் முதலில் தொடர்புகொள்ள முடியாது. இரு பக்கமும் இப்படியே இருந்தால், ஒரே தெருவில் இருந்தும் சந்திக்காத இரண்டு வீட்டார் போல ஆகிவிடும். உங்கள் ரூட்டரில் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இயங்குகிறதா என்று பாருங்கள்; இயங்கினால் பெரும்பாலும் இந்தத் தடை விலகும், ரூட்டரின் தடுப்பில் டொரண்ட் மென்பொருள் பயன்படுத்தும் ஒரு போர்ட்டை (இணைப்பு வாசலை) மட்டும் திறக்க வேண்டியிருக்கலாம். திறந்த முகவரி உள்ள ஒருவர் திரளில் இருந்தாலும் போதும், மற்றவர்கள் அவர் வழியாக முன்னேறுவார்கள்.

எனக்கு இதைவிட நம்பிக்கையான வழி பேருந்து. 90 ஜிபி அளவுள்ள ஒரு பருவத்தின் பதிவை 10 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தில் ஒருவருக்கு அனுப்ப 20 மணி நேரம் ஆகும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பென் டிரைவைக் கையில் கொண்டுபோனால் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். முதல் ஐந்து பிரதிகளை இப்படி நேரில் கொடுங்கள். வாங்கியவர் கோப்புறையைத் தம் கணினியில் நகலெடுத்து, டொரண்டைச் சேர்க்கும்போது சேமிக்கும் இடமாக அந்தக் கோப்புறைக்கு மேலுள்ள இடத்தைக் காட்டி, 'ஃபோர்ஸ் ரீசெக்' என்பதை அழுத்தினால் போதும். மென்பொருள் ஒவ்வொரு துண்டையும் ஹேஷோடு ஒப்பிட்டு, நகலெடுக்கும்போது கெட்டுப்போன துண்டுகளை மட்டும் திரளிலிருந்து வாங்கிக்கொண்டு, உடனே சீட் செய்யத் தொடங்கிவிடும். ஒருமுறை பென் டிரைவில் போன 9 ஜிபியில் இரண்டு துண்டுகள் மட்டும் பழுதாகியிருந்தன. அவை சில நொடிகளில் சரியாயின. சாதாரணமாக நகலெடுத்திருந்தால் அந்தப் பழுதை நாங்கள் அறிந்திருக்கவே மாட்டோம்.

ஐந்து பேரையும் ஒரே ஊரில் வைக்காதீர்கள். எங்களுக்கு மலைக்கு இந்தப் பக்கம் மூவரும் வாளையாற்றைத் தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் மூவரும் இருக்கிறார்கள். யார் எந்தப் பதிவுக்குப் பொறுப்பு என்பது ஒரு நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பருவம் தொடங்கும் முன்பும், தை மாதத்தில், எல்லாரும் ஒருமுறை ரீசெக் செய்து முடிவைச் சொல்கிறார்கள்.

எல்லாருக்கும் இல்லாத பதிப்பு

வெட்டாத முழுப்பதிப்பைப் பொது டொரண்டில் போடவே கூடாது. புலவர் குடும்பம், கோயில், நாங்கள் என்ற சிறு வட்டத்துக்குள் அது சுற்றுவதற்குச் சிங்க்திங் என்ற மென்பொருளை வைத்திருக்கிறோம். இதிலும் மையக் கணினியில் கோப்பு தங்குவதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் நீண்ட அடையாள எண் உண்டு. இரு தரப்பும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டால் மட்டுமே பரிமாற்றம் நடக்கும், வழியில் அது குறியாக்கப்பட்டே செல்லும். இடம் தர முன்வருகிறார், ஆனால் உள்ளே இருப்பதை அவர் கேட்கக்கூடாது என்றால், அவருடைய கருவிக்கு மட்டும் கடவுச்சொல் வைத்துக் குறியாக்கப்பட்ட பிரதியை அனுப்பும் வசதியும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: சிங்க்திங் ஒத்திசைவுக் கருவி. ஒருவர் தவறுதலாக அழித்தால் எல்லாரிடமும் அழிந்துவிடும். மூலக்கணினியில் 'அனுப்ப மட்டும்', மற்றவற்றில் 'பெற மட்டும்' என்று அமைத்து, பெறும் கருவிகளில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியையும் இயக்கிவிடுங்கள். இணைப்பே இல்லாத ஒரு டிஸ்கும் எங்கேனும் தனியாக இருக்கட்டும். பென் டிரைவில் கொடுப்பதாயின் 7-ஜிப்பில் 7இசட் வடிவத்தைத் தேர்ந்து, கோப்புப் பெயர்களும் மறையும்படி ஏஇஎஸ்-256 குறியாக்கம் செய்து, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள். அதே பென் டிரைவில் எழுதிவைக்காதீர்கள்.

பொதுப்பதிப்புக்கும் பூட்டுப் போட்டால் என்ன என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. கேட்பவரின் கருவி பூட்டைத் திறந்தால்தான் ஒலி வரும். திறந்த இடத்தில் நகலெடுக்கவும் முடியும். பெரிய நிறுவனங்களுக்கே கைகொடுக்காத அந்தப் பூட்டு, 30 ஆண்டு கழித்து அதைத் திறக்கும் மென்பொருள் மறைந்துபோன பிறகு, பாடியவரின் பேரனைத்தான் வெளியே நிறுத்தும்.

பிழை கண்டுபிடித்தால் பழைய டொரண்டைத் திருத்த முடியாது. புதியது ஒன்றை உருவாக்கி, அதன் உரைக்கோப்பில் எது மாறியது என்று எழுதி, காப்பவர்கள் ஆறு பேருக்கும் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும். கோப்புறையில் மாறாத கோப்புகளை மறுபடி பதிவிறக்கத் தேவையில்லை. அதே இடத்தைக் காட்டி ரீசெக் செய்தால் மாறியவை மட்டும் வந்து சேரும். சென்ற பருவத்தில் ஒரு பக்கவாத்தியக்காரரின் பெயரை விட்டுவிட்டோம். அதைச் சேர்த்து இரண்டாம் பதிப்பு வெளியிட்டு, ஆறு இடங்களிலும் ரீசெக் முடிந்த பிறகே அவருக்குப் பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.